'டூயல் கோர்' என்றால் எல்லாம் ஒன்றா? மலிவு விலை கணினி பிராசஸர்களின் பெயர்க் குழப்பம் - ஒரு விளக்கம்

புது தில்லி: ரூ.30 ஆயிரத்துக்குள் மடிக்கணினி தேடுவோர், தில்லி நேரு பிளேஸ் கடைத்தெருவில் நின்றாலும் சரி, இணையவழி விற்பனைத் தளத்தைத் திறந்தாலும் சரி, அடிக்கடி எதிர்கொள்ளும் வரி ஒன்று உண்டு: 'டூயல் கோர் பிராசஸர், 4 ஜிபி ரேம்'. இதே வரி இடம்பெற்ற இரண்டு கணினிகளில் ஒன்று, இணையவழி வகுப்பும் எழுத்துப் பணியும் ஒரே நேரத்தில் நடந்தாலும் தடுமாறாமல் இயங்கக்கூடும். மற்றொன்று இணைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தவுடனேயே திணறக்கூடும். விவரக்குறிப்பில் பொய் எதுவும் இல்லை. இரண்டிலும் இருப்பது டூயல் கோர் பிராசஸர்தான்.

பிராசஸர்களுக்குச் சூட்டப்படும் வணிகப் பெயர்கள் அவற்றின் உள்ளமைப்பைக் குறிப்பவை அல்ல என்பதே இதற்குக் காரணம். அவை விலைப் படிநிலையைக் குறிப்பவை. 'பென்டியம்', 'செலரான்', 'அத்லான்' ஆகிய ஒவ்வொரு பெயரின் கீழும் கடந்த 20 ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல சிப்புகள் விற்கப்பட்டுள்ளன. குறைந்த விலை மடிக்கணினிகளில் பிராசஸர் பெரும்பாலும் மதர்போர்டுடன் பற்றவைக்கப்பட்டே வருகிறது. எனவே வாங்கிய பிறகு அதை மாற்ற இயலாது. தவறான தேர்வின் விளைவை அந்தக் குடும்பம் நான்கைந்து ஆண்டுகள் சுமக்க வேண்டியிருக்கும்.

கோர்: உறுப்பின் பெயரும் அதுவே, வணிகப் பெயரும் அதுவே

கட்டளைகளை நிறைவேற்றிக் கணக்கிடும் பகுதியே கோர். முன்பு ஒரு பிராசஸரில் ஒரு கோர் மட்டுமே இருந்தது. இரண்டு இருந்தால் அது டூயல் கோர். நான்கு இருந்தால் குவாட் கோர். இதில் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால், 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 'கோர்' என்ற அதே சொல்லைத் தனது முதன்மை வணிகப் பெயராக்கிக் கொண்டது. அதன் பிறகு 'கோர் ஐ3' என்று ஒருவர் சொல்லும்போது, அதில் மூன்று கோர்கள் இருக்கும் என்று மற்றவர் நினைப்பது இன்றுவரை தொடர்கிறது. ஐ3, ஐ5, ஐ7 என்பவற்றில் உள்ள எண்ணுக்கும் கோர்களின் எண்ணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கோர்களின் எண்ணிக்கையும் தனித்து எதையும் சொல்லிவிடாது. ஒரு வீட்டில் இரண்டு அடுப்புகள் உள்ளன என்றால், அவை விறகடுப்புகளா, எரிவாயு அடுப்புகளா என்பது அதிலிருந்து தெரியாது. அதுபோலவே, ஒரு கோர் ஒரு நொடித் துடிப்பில் எவ்வளவு வேலையை முடிக்கிறது என்பதை அதன் உள்வடிவமைப்புதான் தீர்மானிக்கிறது. அதனுடன் 'கேஷ்' எனப்படும் இடைநினைவகமும் சேர்ந்துகொள்கிறது. சமையலறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டியைப் போன்றது கேஷ். ரேம் என்பது அடுத்த அறையில் உள்ள பண்டக அலமாரி. கேஷ் சிறியதாக இருந்தால், கோர் எவ்வளவு வேகமானதாயினும் அடிக்கடி அலமாரிக்கு நடந்து சென்று காத்திருக்க வேண்டியிருக்கும். மலிவு விலை பிராசஸர்களில் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்தக் கேஷ்தான்.

உச்சியில் இருந்த பென்டியம்

இன்று குறைந்த விலையின் அடையாளமாகிவிட்ட 'பென்டியம்', 1993-இல் அறிமுகமானபோது இன்டெல் நிறுவனத்தின் உச்சநிலைத் தயாரிப்பாகும். அதற்கு முன் 386, 486 என எண்களே பெயர்களாக இருந்தன. வெறும் எண்களை வணிகக் குறியாகப் பதிவு செய்ய முடியாததால், போட்டி நிறுவனங்களும் அதே எண்களில் சிப்புகளை விற்றன. ஐந்து என்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'பென்டியம்' என்ற பெயர் உருவாக்கப்பட்டதற்கு இதுவே காரணம். அந்தச் சிப்பின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர், புணேயில் பிறந்து தில்லி பொறியியல் கல்லூரியில் பயின்ற வினோத் தாம். 'பென்டியத்தின் தந்தை' என்று அழைக்கப்படும் அவருக்கு 2025-இல் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

விலைப் படிநிலைக்கெனத் தனிப்பெயர் பிறந்தது 1998-இல். இன்டெல் நிறுவனத்திலிருந்து வெளியேறிய வினோத் தாம், நெக்ஸ்ஜென் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது. அங்கு உருவான கே6 பிராசஸர் குறைந்த விலைச் சந்தையில் இடம்பிடிக்கவே, அதற்குப் பதிலடியாக இன்டெல் 'செலரான்' என்ற பெயரைக் களமிறக்கியது. 266 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட முதல் செலரானில் இரண்டாம் நிலைக் கேஷ் அறவே நீக்கப்பட்டிருந்தது. அதன் மந்தமான செயல்பாடு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. அதே ஆண்டில் வெளியான செலரான் 300ஏ, 128 கிலோபைட் கேஷைச் சிப்பினுள்ளேயே கொண்டு வந்தது. கணினி ஆர்வலர்கள் பலர் அதை 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயக்கி, பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 சிப்புக்கு ஈடாகப் பயன்படுத்தினர். ஒரே பெயரில், சில மாத இடைவெளியில், தவிர்க்க வேண்டிய சிப்பும் தேடி வாங்க வேண்டிய சிப்பும் வெளிவந்தன.

'டூயல் கோர்' ஒரு பெயரான கதை

2005-இல் 'பென்டியம் டி' என்ற பெயரில் இன்டெல் தனது தொடக்ககால டூயல் கோர் பிராசஸர்களை வெளியிட்டது. அதிக வெப்பத்தையும் அதிக மின்செலவையும் கொண்ட பழைய வடிவமைப்பு அது. 2006 ஜூலையில் முற்றிலும் புதிய வடிவமைப்பில் 'கோர் 2 டுயோ' வந்தது. 2007-இல், அதே புதிய வடிவமைப்பில் கேஷைக் குறைத்து, விலையையும் குறைத்து ஒரு வரிசை வெளியிடப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர்: 'பென்டியம் டூயல் கோர்'.

பொதுச்சொல் ஒன்று வணிகப் பெயருக்குள் புகுந்தது இங்குதான். கோர் 2 டுயோவிலும் இரண்டு கோர்களே இருந்தன. பென்டியம் டியிலும் இரண்டு கோர்களே இருந்தன. ஆயினும், இந்தியக் கடைகளின் விலைப்பட்டியல்களில் 'டூயல் கோர்' ஒரு வரியாகவும் 'கோர் 2 டுயோ' வேறொரு வரியாகவும் இடம்பெற்றன. 'டூயல் கோர் வேண்டுமா, டுயோ வேண்டுமா' என்ற கேள்வி அக்காலத்தில் இயல்பானதாக ஒலித்தது. உண்மையில் அது, 'இருசக்கர வாகனம் வேண்டுமா, ஸ்கூட்டர் வேண்டுமா' என்று கேட்பதற்கு ஒப்பானது.

பெயரில் உள்ள 'டி' என்ற எழுத்து டூயல் என்பதன் சுருக்கம் என எண்ணி, பென்டியம் டியையும் பென்டியம் டூயல் கோரையும் ஒன்றெனக் கருதியோரும் உண்டு. ஆனால், 2.8 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட பென்டியம் டி 820-க்கு, 1.8 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கொண்ட பென்டியம் டூயல் கோர் இ2160 பல பணிகளில் ஈடுகொடுத்தது. மின்செலவிலும் பின்னது வெகுவாகச் சிக்கனமானது. கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து, பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் ஏமாந்தார்.

மடிக்கணினிகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. பென்டியம் டூயல் கோர் டி2060, டி2080 ஆகியவை, கோர் 2 டுயோவுக்கு முந்தைய 'கோர் டுயோ' வடிவமைப்பைச் சேர்ந்தவை. 32 பிட் மென்பொருளை மட்டுமே இயக்கக்கூடியவை. அதே பெயரில் பின்னர் வந்த டி2310, டி2330 ஆகியவை 64 பிட் திறன் பெற்றவை. ஒட்டுவில்லை ஒன்றுதான்; எண்ணில் சிறு மாற்றம்தான். ஆனால் 64 பிட் விண்டோஸ் பொதுவழக்கான பிறகு, முன்னதை வாங்கியவரின் கணினியில் அதை நிறுவவே முடியவில்லை.

இக்குழப்பத்தின் உச்சம் 2009-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு 'பென்டியம் இ6300' என்ற 2.8 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் வெளியானது. இ6300 என்ற அதே எண்ணில் 1.86 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கோர் 2 டுயோ 2006-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்திருந்தது. இரண்டுக்கும் கேஷ் அளவு 2 மெகாபைட். 'தாழ்ந்த' பெயர் கொண்ட புதிய சிப், 'உயர்ந்த' பெயர் கொண்ட பழைய சிப்பை எளிதில் விஞ்சியது. பழைய கணினிச் சந்தையில் 'இ6300' என்று மட்டும் எழுதப்பட்ட கணினியை வாங்கியவருக்கு எது கிடைத்தது என்பது, பெட்டியைத் திறந்த பின்னரே தெரிந்தது.

ஒரே தகட்டில் பிறந்து பிரியும் சிப்புகள்

ஒரே ஆலையில், ஒரே சிலிக்கான் தகட்டில் உருவாகும் சிப்புகள் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவது எப்படி என்ற கேள்வி எழலாம். ஒரு தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகள் ஒருசேர அச்சாகின்றன. எல்லாம் குறைபாடின்றி அமைவதில்லை. ஒன்றில் கேஷின் ஒரு பகுதி பழுதாக இருக்கும். இன்னொன்றில் ஒரு கோர் இயங்காது. வேறொன்று அதிக வேகத்தில் நிலைதடுமாறும். சோதனைக்குப் பின் இவை தரம் பிரிக்கப்படுகின்றன. பழுதான பகுதி அணைக்கப்பட்டு, எஞ்சியது குறைந்த விலைக்குரிய பெயரில் வெளியே வருகிறது. தூக்கி எறிய வேண்டியதை விற்பனைக்கு உரியதாக்கும் இம்முறையில் நுகர்வோருக்கும் நன்மை உண்டு. மலிவு விலைக் கணினிகள் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், பழுதில்லாத சிப்புகளும் அணைக்கப்படுகின்றன. மலிவு விலைப் பிரிவில் தேவை அதிகமாக இருக்கும்போது, அதை நிறைவு செய்யும் அளவுக்குப் பழுதான சிப்புகள் கிடைப்பதில்லை. அப்போது நன்கு இயங்கும் சிப்புகளின் சில திறன்கள் முடக்கப்பட்டு, கீழ்நிலைப் பெயரில் விற்கப்படுகின்றன. ஏஎம்டி நிறுவனம் 2009-இல் வெளியிட்ட பெனம் 2 எக்ஸ்2 550 அவ்வாறு கவனம் பெற்றது. நான்கு கோர்கள் கொண்ட சிப்பில் இரண்டை அணைத்து, டூயல் கோராக விற்கப்பட்ட பிராசஸர் அது. குறிப்பிட்ட சில மதர்போர்டுகளில் ஓர் அமைப்பை மாற்றினால், மறைந்திருந்த இரண்டு கோர்கள் சில சிப்புகளில் உயிர்பெற்றன. எல்லாச் சிப்புகளுக்கும் அந்த நல்வாய்ப்பு அமையவில்லை என்பதும் உண்மை.

இன்டெல் இதையே ஒரு வணிகமாகவும் முயன்று பார்த்தது. 2010-இல் பென்டியம் ஜி6951 என்ற டூயல் கோர் பிராசஸர் கொண்ட கணினிகளுக்கு 50 டாலர் விலையில் அட்டை ஒன்று விற்கப்பட்டது. அதிலுள்ள குறியீட்டைப் பதிவிட்டால், சிப்பில் ஏற்கெனவே இருந்தும் பூட்டப்பட்டிருந்த 1 மெகாபைட் கேஷும், ஒரு கோரை இரண்டு பணித்தொடர்களைக் கையாளச் செய்யும் 'ஹைப்பர் த்ரெடிங்' வசதியும் திறக்கப்படும். வன்பொருளில் எந்த மாற்றமும் இல்லை. தாங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்குள்ளேயே பூட்டு இருக்கிறது என்பது வெளிப்படையானதால் எதிர்ப்பு எழுந்தது. 2011-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பூட்டும் நடைமுறை கைவிடப்படவில்லை. சாவி விற்பது மட்டுமே நின்றது.

பூட்டைச் சற்றுத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரியில் வெளிவந்த பென்டியம் ஜி4560 காட்டியது. அதன் பரிந்துரை விலை 64 டாலர். அதே தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ3-7100-இன் விலை 117 டாலர். இரண்டிலும் இரண்டு கோர்கள், இரண்டிலும் 3 மெகாபைட் கேஷ். முந்தைய பென்டியங்களில் மறுக்கப்பட்டிருந்த ஹைப்பர் த்ரெடிங் வசதியும் இம்முறை அளிக்கப்பட்டிருந்தது. வேகத்தில் 0.4 கிகாஹெர்ட்ஸ் குறைவு, வரைகலைத் திறன் சற்றுக் குறைவு, சில சிறப்புக் கட்டளைகள் இல்லை என்பவையே வேறுபாடுகள். சாதாரணப் பயன்பாட்டில் ஏறத்தாழ இருமடங்கு விலை கொடுப்பதற்கான காரணத்தைத் தேட வேண்டியிருந்தது.

தங்கத்தில் இரண்டு, வெள்ளியில் நான்கு

இதுவரை கூறப்பட்டவை ஒரே குடும்பத்துக்குள் நடந்த பிரிவினைகள். மலிவு விலை மடிக்கணினி வாங்குவோரை இன்று அதிகம் பாதிக்கும் மாற்றம் வேறொன்று. கைக்கணினிகளுக்கும் சிறு கருவிகளுக்கும் உரிய, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் 'ஆட்டம்' என்ற வரிசையை இன்டெல் 2008 முதல் தனியே விற்றுவந்தது. 2013-இல், அந்த வடிவமைப்பில் உருவான சிப்புகளுக்கும் 'பென்டியம்', 'செலரான்' என்ற பெயர்கள் வழங்கப்பட்டன. அதுமுதல் இவ்விரு பெயர்களும் இரண்டு வேறுபட்ட இனங்களைக் குறிக்கலாயின.

2019-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த இரண்டு செலரான்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். செலரான் 5205யு என்பது, கோர் ஐ3, ஐ5 ஆகியவற்றின் அதே வடிவமைப்பைச் சேர்ந்த டூயல் கோர். 15 வாட் வரம்பு. நிலையான வேகம் 1.9 கிகாஹெர்ட்ஸ். செலரான் என்4020 என்பது ஆட்டம் வழிவந்த டூயல் கோர். 6 வாட் வரம்பு. அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், சிறிது நேரம் மட்டும் தொடக்கூடிய உச்ச வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ். விளம்பரத்தில் '2.8 கிகாஹெர்ட்ஸ் வரை' என்று அச்சாகும்போது, பின்னதே வேகமானது எனத் தோன்றும். 'வரை' என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு துடிப்புக்கு முடிக்கும் வேலை குறைவு என்பது எந்த எழுத்திலும் இருக்காது.

இதைத் தீர்ப்பதுபோல் 2017-இன் இறுதியில் இன்டெல், 'கோர்' வடிவமைப்பைச் சேர்ந்தவற்றை 'பென்டியம் கோல்டு' என்றும் ஆட்டம் வழிவந்தவற்றை 'பென்டியம் சில்வர்' என்றும் பிரித்தது. நோக்கம் நல்லதே. ஆனால் பென்டியம் சில்வர் என்5030-இல் நான்கு கோர்கள். பென்டியம் கோல்டு 6405யு-இல் இரண்டே கோர்கள். வாங்குவோர் பெயரை நம்புவதா, எண்ணிக்கையை நம்புவதா என்று திகைத்தனர். பெரும்பாலான அன்றாடப் பணிகளில் இரண்டு வலுவான கோர்களே முந்தும். செலரானுக்கு இத்தகைய பிரிவினைகூடச் செய்யப்படவில்லை.

ஏஎம்டி நிறுவனமும் 2020-இல் அதே உலோகப் பெயர்களை எடுத்துக்கொண்டது. பொருள் மட்டும் வேறு. அத்லான் சில்வர் 3050யு, அத்லான் கோல்டு 3150யு இரண்டும் ஒரே 'ஜென்' வடிவமைப்பைச் சேர்ந்த டூயல் கோர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பணித்தொடர்களைக் கையாள்வது சில்வர், நான்கைக் கையாள்வது கோல்டு. ஒரு நிறுவனத்தில் வெள்ளி என்பது வேறு இனம். மற்றொன்றில் வெள்ளி என்பது அதே இனத்தின் எளிய வடிவம்.

2022-இல் ஏஎம்டி தனது மடிக்கணினி பிராசஸர்களுக்குப் புதிய எண்முறையை அறிவித்தது. நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் வெளியான ஆண்டைக் குறிக்கும். வடிவமைப்பின் தலைமுறையைக் குறிப்பது மூன்றாவது இலக்கம். அதன்படி டூயல் கோர் கொண்ட அத்லான் கோல்டு 7220யு, '7' என்று தொடங்குவதால் புதியதாகத் தோன்றும். மூன்றாவது இலக்கமான '2', அது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு என்பதைச் சொல்லும். இம்முறையைக் கண்டித்து இன்டெல் 2023 டிசம்பரில் விளக்கக் கையேடு ஒன்றை வெளியிட்டு, பின்னர் விலக்கிக்கொண்டது. பழைய வடிவமைப்புகளைப் புதிய எண்களில் விற்ற வழக்கம் இன்டெல்லுக்கும் உண்டு என்பதால், அந்தக் கண்டனம் பெரிதாக எடுபடவில்லை.

பெயரே இல்லாத பெயர்

2022 செப்டம்பரில் இன்டெல், மடிக்கணினிகளில் பென்டியம், செலரான் ஆகிய இரு பெயர்களையும் கைவிடுவதாக அறிவித்தது. 2023 முதல் அவற்றுக்குப் பதிலாக 'இன்டெல் பிராசஸர்' என்று மட்டுமே குறிப்பிடப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது. பெயர்களைக் குறைத்தால் தேர்வு எளிதாகும் என்பது நிறுவனத்தின் விளக்கம்.

நடந்தது வேறு. 2023 ஜனவரியில் வெளியான 'இன்டெல் பிராசஸர் என்50', 6 வாட் வரம்புள்ள, ஆட்டம் வழிவந்த டூயல் கோர். 2024 ஜனவரியில் மேசைக் கணினிக்காக வெளியான 'இன்டெல் பிராசஸர் 300', 46 வாட் வரம்புள்ள, முழுவலிமை வாய்ந்த கோர்களைக் கொண்ட டூயல் கோர். இரண்டும் 'இன்டெல் பிராசஸர்', இரண்டும் 'டூயல் கோர்'. பென்டியம் என்ற பெயராவது விலைப் படிநிலையைக் காட்டியது. புதிய பெயர் நிறுவனத்தை மட்டுமே காட்டுகிறது. இனி வாங்குவோருக்கு எஞ்சியிருப்பது, பெயருக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும்தான்.

சட்டம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

கோர் என்று எதைச் சொல்லலாம் என்பதே ஒருமுறை அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சென்றது. ஏஎம்டி நிறுவனத்தின் 'எஃப்எக்ஸ்' வரிசைப் பிராசஸர்கள் சிலவற்றில், இரண்டிரண்டு கோர்கள் சில உறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருந்தன. அவற்றை 'எட்டு கோர்' என விளம்பரப்படுத்தியது தவறு எனக் கூறி, 2015-இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. தவறை ஏற்காமலேயே, 2019-இல் 1.21 கோடி டாலர் வழங்கி ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது. குறைந்த விலை மடிக்கணினிகளில் இடம்பெற்ற ஏ6-9225 போன்ற டூயல் கோர் பிராசஸர்களும் இதே பகிர்வு முறையில் அமைந்தவையே. ஆனால் அவை அவ்வழக்கின் வரம்புக்குள் வரவில்லை.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு விளக்கம் அளிக்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். வேறு பிராசஸரைக் குறிப்பிட்டு வேறொன்றை விற்றால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் அளிக்கலாம். ஆனால் 'டூயல் கோர்' என்று மட்டும் சொல்லி, முழு மாதிரி எண்ணைச் சொல்லாமல் விடுவது மறைப்பாகுமா என்பது அவ்வளவு எளிய கேள்வி அல்ல. சொன்னது உண்மை, சொல்லாததுதான் பிரச்சினை.

தனிநபரைவிட அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இது பெரிய சிக்கல். பொருள்களின் விவரக்குறிப்பு இயன்றவரை அளவிடத்தக்கதாகவும் பொதுவானதாகவும் இருக்க வேண்டும், குறிப்பிட்ட வணிகப் பெயரைக் கோரக் கூடாது என மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் 144-ஆவது விதி கூறுகிறது. முறைகேட்டைத் தடுக்கும் நல்ல விதி இது. எனினும், நிறுவனப் பெயரை எழுத முடியாத அலுவலர், 'டூயல் கோர், 2 கிகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல்' என்று மட்டும் எழுதினால், உச்ச வேகத்தைக் காட்டி 6 வாட் சிப்பும் தகுதி பெற்றுவிடும். குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்ற நிலையில், எது தேர்வாகும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அதே விதி 'செயல்திறன் பண்புகளையும்' குறிப்பிடச் சொல்கிறது. கோர் எண்ணிக்கைக்குப் பதிலாகக் குறைந்தபட்சச் சோதனை மதிப்பெண், அடிப்படை வேகம், கேஷ் அளவு ஆகியவற்றைக் கோருவதற்கு விதியில் தடையேதும் இல்லை.

பழைய ஐ7-ஐ முந்திய புதிய செலரான்

பெயருக்கும் பயனுக்கும் உள்ள இடைவெளி இப்போது பழைய கணினிச் சந்தையில் புதிய வடிவம் எடுத்துள்ளது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும் இரண்டு கோர்களும் 4 ஜிபி ரேமும் போதும் என மைக்ரோசாஃப்ட் கூறுகிறது. ஆனால் பிராசஸர் அந்நிறுவனத்தின் அனுமதிப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்க வேண்டும்.

அப்பட்டியலில் செலரான் என்4000 என்ற எளிய டூயல் கோர் உள்ளது. கோர் ஐ7-7500யு இல்லை. ஐ7 என்ற பெயரைத் தாங்கினாலும் அதுவும் டூயல் கோர்தான் என்பது பலரும் அறியாத செய்தி. 2017-இல் எட்டாம் தலைமுறை வரும்வரை, மெல்லிய மடிக்கணினிகளில் பயன்படுத்தப்பட்ட 'யு' வகை ஐ5, ஐ7 பிராசஸர்கள் இரண்டு கோர்களையே கொண்டிருந்தன. வேகத்தில் என்4000-ஐ இந்த ஐ7 எளிதில் வெல்லும். ஆயினும் வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைப்பது செலரானுக்கே. நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை ஆகிய இடங்களில் 'ஐ7 மடிக்கணினி, குறைந்த விலை' என்ற அறிவிப்பைக் காண்போர், அது எத்தனையாவது தலைமுறை என்று கேட்பது அவசியமாகிறது. ஐ7-க்குப் பின்வரும் நான்கு இலக்க எண் 2 முதல் 7 வரையிலான இலக்கத்தில் தொடங்கினால், மிகச் சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை. லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துவோருக்கு இத்தடை பொருந்தாது. அவர்களுக்கு இக்கணினிகள் இன்றும் மலிவான, நல்ல தேர்வு.

கடையிலேயே சரிபார்க்கும் வழி எளிது. விண்டோஸ் கணினியில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குச் சென்று, 'சிஸ்டம்' என்பதன் கீழ் 'அபவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பிராசஸரின் முழுப் பெயரும் எண்ணும் தெரியும். அந்த எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் இணையதளத்தில் தேடினால் கோர்கள், பணித்தொடர்கள், கேஷ், அடிப்படை வேகம், வாட் வரம்பு, வெளியான காலம் ஆகிய அனைத்தும் இலவசமாகக் கிடைக்கும். இன்டெல் மலிவு வரிசையில் எண்ணுக்கு முன் 'என்' என்ற எழுத்து இருந்தால் அது ஆட்டம் வழிவந்தது. எண்ணுக்குப் பின் 'யு' இருந்தால் பெரும்பாலும் 'கோர்' வடிவமைப்பு. இணையவழியில் வாங்கும்போது மாதிரி எண் தரப்படாத பட்சத்தில், விற்பனையாளரிடம் அதை எழுத்துமூலம் கேட்டுப் பெற்ற பின்னரே பணம் செலுத்துவது நல்லது. அந்தப் பதிலே பின்னாளில் புகாருக்கான ஆதாரமாகவும் அமையும்.